ராணி பேசும் சீனம் வேலைக்கு ஆகுமா?

வணக்கம் அம்மா. பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் ராத்திரி ஒரு மணி வரை சீன நாடகம் பார்க்கிறாள், கேட்டால் மொழி கற்கிறேன் என்கிறாள், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாதி நம்பலாம்.

சீன நாடகங்களில் பெரும்பாலும் வசனம் சீன எழுத்திலேயே திரையின் அடியில் ஓடும். ஊருக்கு ஊர் பேச்சு மாறும் நாடு. காதுக்குப் பிடிபடாததும் எழுத்தில் புரிந்துவிடும். கற்பவர்களுக்கும் அது வசதிதான், கேட்ட சொல்லை அப்போதே கண்ணால் பார்த்துவிடலாம்.

ஆனால் எந்த நாடகம் என்று கேளுங்கள். அரண்மனைக் கதைகளில் பேரரசர் தன்னை 'ஜென்' என்பார், அவருடைய மனைவியர் தங்களை 'சென்ச்சியே' என்பார்கள். இரண்டுக்கும் பொருள் 'நான்'தான். நேர்முகத் தேர்வில் அப்படிச் சொன்னால் எதிரே இருப்பவர் சிரித்துவிடுவார். இன்றைக்கு எல்லோரும் சொல்வது 'வோ'. அலுவலகம், குடும்பம், கடைத்தெரு என்று இந்தக் காலத்துக் கதைகளுக்கு அவள் மாறட்டும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தமிழில் 'ப' ஒன்றுதான். சீனத்தில் காற்றை ஊதிச் சொல்லும் ப வேறு, ஊதாத ப வேறு. த-வுக்கும் அப்படியே. 'வயிறு நிறைந்தது' என்பதற்கும் 'முயல் ஓடிவிட்டது' என்பதற்கும் இந்த ஊதல் மட்டும்தான் வித்தியாசம்! அப்புறம் ஏற்ற இறக்கம். 'மாய்' என்பதைத் தாழ்த்தி இழுத்தால் வாங்குவது, மேலிருந்து சட்டென்று இறக்கினால் விற்பது. பி.காம் படித்துவிட்டுக் கொள்முதல் பிரிவில் உட்காரப் போகிறவளுக்கு இது விளையாட்டில்லை.

இதெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் வராது. ஒரு நாளைக்கு மூன்று நிமிடக் காட்சி ஒன்று போதும். முதலில் ஆங்கில வரிகளோடு, அடுத்து சீன எழுத்தோடு மட்டும், பிறகு வரிக்கு வரி நிறுத்தித் தானும் சொல்லிப் போனில் பதிவு செய்து ஒப்பிட வேண்டும். அந்த நாடகப் பகுதியின் மிச்ச 40 நிமிடமும் பொழுதுபோக்கு. பார்க்கட்டும், படிப்புக் கணக்கில் மட்டும் சேர்க்க வேண்டாம்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குச் சீனம் கற்பிக்க 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. தினம் ஒரு மணி என்றாலும் ஆறு வருடம். சீனம் கற்கும் வெளிநாட்டவருக்கான சீனாவின் எச்எஸ்கே தேர்வில் பல வருடங்களாக இருந்த ஆறு நிலைத் திட்டத்தில், முதல் இரண்டு நிலைகளின் வினாத்தாளில் சீன எழுத்தோடு பின்யின், அதாவது ஆங்கில எழுத்தில் உச்சரிப்பும் இருக்கும். மூன்றாம் நிலையில் அது போய்விடும், எழுதவும் வேண்டும். நாடகம் பார்த்து மட்டும் கற்றவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

வேலை? வெறும் மொழிபெயர்ப்பை நம்பச் சொல்ல மாட்டேன், சாதாரணக் கடிதத்தைப் போனே மொழிபெயர்த்துவிடுகிறது. கணக்கும் தெரியும், சீனமும் பேசுவாள் என்றால் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானும் செய்யாறு சிப்காட்டில் காலணி செய்கிற நிறுவனமும் தைவான்காரர்களுடையவை. பேச்சு அவள் கற்கும் அதே சீனம்தான், மாண்டரின் என்பார்கள், ஆனால் தைவானில் எழுதுவது பழைய, கோடுகள் கூடிய எழுத்து. அவர்களுடைய தேர்வும் வேறு, டாக்ஃபில் என்பார்கள். எந்தப் பக்கம் போவது என்று முன்பே முடிவு செய்தால் நல்லது.

இப்போதைக்குப் பணம் கட்டி வகுப்பில் சேர்க்க வேண்டாம். எச்எஸ்கே முதல் நிலை மாதிரித் தாளும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வரும் ஞாயிறு அவளை உட்கார வையுங்கள். கேட்கும் பகுதியில் முக்கால்வாசி சரியாக வந்தால் இருவரும் வாருங்கள், வகுப்பைப் பற்றிப் பேசுவோம். ராத்திரி ஒரு மணி விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி.