எண்ணி வைத்த கூடுகள்

அன்புள்ள ஐயா,

நான் சிவகங்கைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். எங்கள் ஊர்க் கண்மாயின் கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். பதினோரு ஆண்டுகளாக அந்தக் கூடுகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அதைப் பார்த்த நண்பர், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் உறுப்பினராகச் சேரச் சொல்கிறார். எனக்குத் தயக்கம். வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் தொடங்கிய சங்கம் அது. இன்று விலங்கியலுக்கு அரசு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, செல்பேசியில், பார்த்த பறவைகளைப் பதிவிடும் இ-பேர்ட் செயலியும் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே ஒரு சங்கத்துக்கு என்ன வேலை? சந்தா வாங்கிக்கொண்டு பத்திரிகை அனுப்புவதைத் தவிர விலங்கியலுக்கு அது என்ன செய்துவிட்டது?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேட்டைக்காரர்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மைதான். 1883 செப்டம்பர் 15 அன்று பம்பாயில் கூடிய எட்டுப் பேரில் ஆறு பேர் வெள்ளைக்காரர்கள். ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என்ற இரண்டு மருத்துவர்கள் மட்டும் இந்தியர்கள். பழைய இதழ்களைப் புரட்டினால் புலி சுட்ட கதைகளுக்குக் குறைவிருக்காது. சொந்தக் கட்டடம் இல்லாத நாட்களில், ஃபிப்ஸன் என்ற மது வணிகர் தன் கடையில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். சேகரிப்புகள் அங்கேதான் இருந்தன.

ஆனால் அந்தச் சேகரிப்பை வைத்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1908இல் ஒரு பள்ளிச் சிறுவன், தான் காற்றுத் துப்பாக்கியால் சுட்ட குருவி ஒன்றை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தான். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. அது என்ன குருவி என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அப்போது செயலாளராக இருந்த மில்லார்ட் பெயரைச் சொல்லி அனுப்பிவிடவில்லை. அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பெயர்பெற்ற பறவையியலாளரான சாலிம் அலி. பிற்காலத்தில் அவருக்குப் பட்டம் இல்லை என்பதால் அரசின் விலங்கியல் நிறுவனத்தில் வேலை கிடைக்கவில்லை. வேலையில்லாமல் இருந்த 1930இல், பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோர ஊரில் உட்கார்ந்து தூக்கணாங்குருவிகளைப் பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் வந்து சோதித்து, பிடித்தால் குடியேறும். அப்புறம் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும், அதில் இன்னொரு பெண் வரும். நம் கிணற்றடிப் பனையில் ஆயிரம் முறை பார்த்த குருவிதான். ஆனால் இப்படி நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்து எழுதிய ஒருவரின் கட்டுரையை ஏற்று வெளியிடச் சங்கத்தின் இதழ் இருந்தது. எழுதியவர் என்ன படித்திருக்கிறார் என்று அது கேட்கவில்லை.

1886இல் தொடங்கிய அந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பக்கங்களில் வரும் பல்வகைக் குறிப்புகள். அரைப் பக்கம், ஒரு பக்கம்தான் இருக்கும். வன அலுவலர், தேயிலைத் தோட்டக்காரர், மருத்துவர் என யார் வேண்டுமானாலும் எழுதலாம். இன்ன தேதியில், இன்ன ஊரில், இதைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தி. எழுதியவருக்கு அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து வேறொருவர், அந்த விலங்கு முன்பு எங்கெல்லாம் இருந்தது என்று தேடும்போது, அந்த அரைப் பக்கம் சாட்சி சொல்லும்.

நீலகிரி வரையாட்டைப் பற்றிய முக்கியமான கணக்கும் இந்த இதழில்தான் வந்தது. எழுதிய இ. ஆர். சி. தாவீதார் குன்னூரில் வழக்கறிஞர். 1975 முதல் 1978 வரை மலை மலையாக அலைந்து, மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆடுகள்தான் இருக்கின்றன என்று எழுதினார். இன்று வரையாடு நமது மாநில விலங்கு. அவை கூடியிருக்கின்றனவா குறைந்திருக்கின்றனவா என்று பேச வேண்டுமானால் பழைய எண் ஒன்று வேண்டும். அதை ஒரு வழக்கறிஞர் நமக்காக எடுத்து வைத்திருக்கிறார்.

பாறுகளின் கதைதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில் என்று நினைக்கிறேன். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பறவை அது. 1980களில் சங்கத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ், ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் இரைகொல்லிப் பறவைகளை ஆராய்ந்தார். அப்போது பாறுகளை எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. செத்த மாடு கிடந்த இடமெல்லாம் பாறுகள் கூட்டமாக இறங்கிய காலம் அது. காக்கையை எண்ணுவது போலத்தான் பலருக்குத் தோன்றியிருக்கும். அவர் எண்ணினார். 1987-88இல் 353 ஜோடிகள் கூடு கட்டியிருந்தன. 1996-97இல் திரும்பவும் எண்ணியபோது 150 ஜோடிகள்தான். கழுத்தைத் தொங்கவிட்டபடி பறவைகள் மரத்திலேயே உட்கார்ந்திருந்தன. மரத்தடியில் செத்தும் கிடந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு ஜோடிகூட மிஞ்சவில்லை.

முதல் எண்ணிக்கை மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பாறு குறைந்ததுபோலத் தெரிகிறதே என்று கொஞ்சம் பேர் பேசியிருப்பார்கள். வேறு பக்கம் பறந்துபோயிருக்கும் என்று இன்னும் கொஞ்சம் பேர் பதில் சொல்லியிருப்பார்கள். விபு பிரகாஷின் கட்டுரை 1999இல் சங்கத்தின் இதழில் வந்த பிறகு அப்படிப் பேச இடமில்லாமல் போனது. பூச்சிமருந்தா, வைரஸா என்று பல நாட்டு ஆய்வாளர்களும் தேடினார்கள். மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்துதான் காரணம் என்பதைப் பாகிஸ்தானில் ஆய்வு செய்த குழு 2004இல் வெளியிட்டது. மருந்து போட்டபின் செத்த மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடுகிறது. 2006இல் இந்திய அரசு அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிந்தது. ஹரியானாவின் பிஞ்சோரில் அவற்றைக் கூண்டில் வளர்த்து இனம் பெருக்கும் வேலையையும் சங்கமே அந்த மாநில வனத்துறையோடு சேர்ந்து செய்கிறது. தமிழ்நாட்டில் பாறு பார்க்க வேண்டுமானால் இன்று மாயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

அரசு நிறுவனம் இருக்கிறதே என்கிறீர்கள். அது 1916இல் வந்தது, பெரிய வேலைகள் செய்திருக்கிறது. அதற்கு முன்பே, 1911இல், நன்கொடை திரட்டிப் பாலூட்டிகளின் கணக்கெடுப்பைச் சங்கம் தொடங்கிவிட்டது. 1923 வரை நடந்த அந்த வேலையில் சுமார் 25,000 மாதிரிகள் சேர்ந்தன. அவற்றில் பெரும்பங்கு லண்டனுக்குப் போனது என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. இ-பேர்டைப் பொறுத்தவரை, நானும் அதில் பதிவிடுகிறேன், நீங்களும் பதிவிடுங்கள். அந்தச் செயலியும் காற்றில் நடக்கவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் அதைத் தாங்கி நடத்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் கோடியக்கரையில் ஒரு கொசு உள்ளானைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையில் எடையே தெரியவில்லை. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியக் கரையில் முட்டையிட்டு வளரும் பறவை அது. பறவை எங்கெங்கே போகிறது என்று அறிவதற்காகக் காலில் மாட்டிய வளையத்தில் ஓர் எண்ணும், பம்பாய் சங்கத்துக்குத் தெரிவிக்கவும் என்ற ஆங்கில வரியும் இருந்தன. எங்கோ ஒரு நாட்டில் எவரோ அந்தப் பறவையைக் கண்டெடுத்து, அந்த வரியை நம்பிக் கடிதம் போடுவார். இருபது ஆண்டு கழித்து வந்தாலும் அந்தக் கடிதத்தைப் பிரித்து, எண்ணைப் பழைய பேரேட்டில் தேட அங்கே ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வளையம் வெறும் தகரம்.

குறையும் சொல்ல வேண்டும். இதழ் ஆங்கிலத்தில் வருகிறது. கோடியக்கரையில் வலை விரிப்பவரும் உங்கள் ஊர்க் கண்மாய்க் காவல்காரரும் சொல்லக்கூடியது அதில் ஏறுவதே இல்லை. தமிழில் அப்படியொரு குறிப்புப் பகுதி வேண்டும் என்று கேட்க உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் சேர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, உங்கள் நோட்டுக்கு வருவோம். ஆண்டு, தேதி, எந்த இனம், எத்தனை கூடு, கண்மாயில் எவ்வளவு தண்ணீர் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். எண்ண முடியாமல் போன ஆண்டு இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், உத்தேசமாக நிரப்ப வேண்டாம். கரையில் எந்த இடத்தில் நின்று எண்ணினீர்கள் என்பதையும் குறியுங்கள், நாளை இன்னொருவர் அங்கேயே நின்று எண்ண வேண்டுமல்லவா? ஆங்கிலத்தில் எழுதுவதில் சிரமம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம். அதற்கு முன்னால், இன்றைக்கே, நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்துவிடுங்கள்.