ரியாக்ட் ஃபார்மில் பிழைச் செய்தி ஏன் ஒரு எழுத்து பிந்தியே வருகிறது?

பாஸ்வேர்டில் 8 எழுத்து அடித்த பிறகும் "குறைந்தது 8 எழுத்து வேண்டும்" என்ற செய்தி போகவில்லை, 9-வது எழுத்தை அடித்தால்தான் போகிறது என்கிறீர்கள். உங்கள் ஆன்சேஞ்ச் ஹேண்ட்லரில் (பெட்டியில் எழுத்து மாறும்போதெல்லாம் ஓடும் ஃபங்ஷன்) முதல் வரி, புது மதிப்பைச் சேமிக்கும் செட்பாஸ்வேர்ட்; அடுத்த வரியிலேயே பாஸ்வேர்டின் நீளத்தைப் பார்க்கிறீர்கள். கோளாறு அங்கேதான். செட் ஃபங்ஷனைக் கூப்பிட்ட கையோடு ஸ்டேட் வேரியபிள் (ரியாக்ட் நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) மாறிவிடாது; அந்த ரெண்டரில், அதாவது ரியாக்ட் திரையைக் கணக்கிட்ட அந்தச் சுற்றில், இருந்த பழைய மதிப்புதான் ஹேண்ட்லர் முடியும்வரை கையில் இருக்கும். 8-வது எழுத்து விழும்போது உங்கள் சோதனை பார்ப்பது 7 எழுத்தை.

ஈவென்டிலிருந்து வரும் புது மதிப்பைச் சோதனைக்குக் கொடுத்தால் இது தீரும். ஆனால் பிழையைத் தனி ஸ்டேட்டில் வைத்திருக்கும்வரை வேறு இடத்தில் உதைக்கும். உதாரணமாக, பாஸ்வேர்டும் அதை உறுதிசெய்யும் பெட்டியும் பொருந்திவிட்டன. பயனர் திரும்பிப் போய் முதல் பெட்டியை மாற்றுகிறார். இரண்டாவது பெட்டியின் ஹேண்ட்லர் ஓடவே இல்லை, "பொருந்தவில்லை" என்ற செய்தியும் வராது. இதற்கு யூஸ்எஃபெக்ட் (ரெண்டர் முடிந்த பிறகு ஓடும் கோடு) போட்டு ஒட்டுவேலை செய்யாதீர்கள், வீணாக இன்னொரு ரெண்டர்தான் மிச்சம்.

ஸ்டேட்டில் இரண்டு மட்டும் போதும்: பெட்டிகளின் மதிப்புகள், பயனர் எந்தெந்தப் பெட்டியைத் தொட்டுவிட்டு நகர்ந்தார் என்ற குறிப்பு. கம்போனென்டுக்கு (ஃபார்மை வரையும் ரியாக்ட் ஃபங்ஷன்) வெளியே ஒரு சாதாரண ஃபங்ஷன் எழுதுங்கள். மதிப்புகளை வாங்கிப் பிழைகளைத் திருப்பித் தரட்டும். அதை ஒவ்வொரு ரெண்டரிலும் கூப்பிடுங்கள். நாலைந்து பெட்டிக்கு யூஸ்மெமோ (கணக்கிட்ட விடையைச் சேமித்து வைப்பது) எல்லாம் வேண்டாம். ஆன்பிளரில் (பெட்டியை விட்டு நகரும்போது ஓடுவது) "தொட்டாயிற்று" என்று குறித்து, தொட்ட பெட்டிக்கு மட்டும் செய்தியைக் காட்டுங்கள். சப்மிட் அழுத்தினால் எல்லாவற்றையும் தொட்டதாகக் குறித்து, பிழையுள்ள முதல் பெட்டிக்கு ஃபோகஸைக் கொண்டுபோங்கள்.

சப்மிட் ஹேண்ட்லர் ஓடவே இல்லையா? பெட்டியில் ரிக்வையர்டு (கட்டாயம் நிரப்ப வேண்டும் என்ற குறி) அல்லது ஈமெயில் டைப் போட்டிருப்பீர்கள். பிரவுசரின் சொந்தச் சோதனை தோற்றால் சப்மிட் ஈவென்டே எழாது. அந்தச் சோதனையை நிறுத்த ஃபார்ம் டேகில் நோவேலிடேட் சேருங்கள்.

எண் பெட்டியில் இன்னும் கவனம் வேண்டும். அதிலிருந்து வருவதும் ஸ்ட்ரிங்தான் (எழுத்துத் தொடர்), எண் அல்ல. வெற்று ஸ்ட்ரிங்கை நம்பர் ஃபங்ஷனில் போட்டால் 0 கிடைக்கும், "0 அல்லது அதற்கு மேல்" என்ற விதியில் காலிப் பெட்டி அலுங்காமல் தேறிவிடும். ஆகவே காலியா என்பதை முதலில் பாருங்கள். நம்பர் டைப் பெட்டியில் எண்ணாக முடியாத ஒன்றை, வெறும் கழித்தல் குறியை அடித்தாலும் மதிப்பு வெற்று ஸ்ட்ரிங்தான். பெட்டியில் ஏதோ தெரியும்போது "காலியாக உள்ளது" என்று செய்தி வந்தால் பயனர் குழம்புவார். பெட்டியின் நிலையைப் பிரவுசர் சொல்லும் வேலிடிட்டியில் உள்ள பேட்இன்புட் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும்.

பயனர்பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று சர்வரைக் கேட்கும் சோதனைக்கு மட்டும் தனி ஸ்டேட்டும் எஃபெக்டும் நியாயம். கிளீனப் ஃபங்ஷனில் (எஃபெக்ட் மீண்டும் ஓடுமுன் ஓடுவது) பழைய கோரிக்கையை, பிரவுசரே தரும் அபார்ட்கன்ட்ரோலரால் ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் முந்தைய பெயருக்கான பதில் தாமதமாக வந்து புதுப் பெயரின் மேல் உட்காரும்.