பொம்மைகிட்ட 91 மார்க், பையன்கிட்ட பேச்சே வரல

வணக்கம் சார். ஒயிட்ஃபீல்ட்ல ஒரு ஐடி கம்பெனில டீம் லீடா இருக்கேன். அப்ரைசல் பேசுறதுக்கு எங்களுக்கு ஏஐ சிமுலேஷன் ட்ரெயினிங் குடுத்தாங்க. ஸ்க்ரீன்ல ஒரு ஆள் வருவான், ரேட்டிங் கம்மினு சொல்லணும், அவன் கோவப்படுவான், நான் சமாளிக்கணும். எம்பதிக்கு, அதாவது அடுத்தவங்க மனச புரிஞ்சு பேசுறதுக்கு, 91 மார்க் வாங்கினேன். அடுத்த வாரம் நிஜமாவே என் டீம் பையன்கிட்ட சொன்னப்போ அவன் வாயே தொறக்காம டேபிளையே பாத்துட்டு இருந்தான். எனக்கு வேர்த்துடுச்சு. இந்த ட்ரெயினிங்கே வேஸ்ட்டா சார்?
– ஒரு வாசகர், பெங்களூரு

வணக்கம் தம்பி,

வேஸ்ட் இல்ல. ஆனா அந்த பொம்மையால முடியாதத உங்க பையன் பண்ணிட்டான், சும்மா இருந்துட்டான். இந்த மாதிரி சாஃப்ட்வேர் பலதுல நீங்க பேசினது எழுத்தா மாறி உள்ள இருக்குற ஏஐ மாடலுக்கு போகும், அது பதில் சொல்லியே ஆகணும், அதோட பொழப்பே அதான். மார்க்கும் பெரும்பாலும் அந்த எழுத்த வச்சுதான், "உங்க கஷ்டம் புரியுது"னு ஒரு வரி விட்டீங்கன்னா டிக் விழுந்துடும்.

இதுல என் பங்கும் இருக்கு. 2000கள்ல ஓசூர் ரோட்ல ஒரு கால் சென்டர்ல நான் ட்ரெயினர், பக்கத்து கேபின்ல உக்காந்து பில்லு தப்பா வந்துடுச்சுனு கத்துற அமெரிக்க கஸ்டமரா நடிப்பேன், புது பசங்க சமாளிக்கணும், மாக் கால்னு பேரு. அதுல சும்மா இருந்தா டெட் ஏர்னு மார்க்க கொறைப்போம். கஸ்டமர் மூச்சு வாங்கிக்கட்டும்னு ரெண்டு செகண்ட் விட்டவனுக்கும் மார்க் கட்! அப்படி மௌனத்த பாத்தாலே பயப்பட வச்ச ஊர் இது, இப்ப மெஷின் வந்து அதையே பண்ணுது.

1963ல ஹோவர்ட் பாரோஸ்னு ஒரு நரம்பியல் டாக்டர் லாஸ் ஏஞ்சலஸ்ல மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ் பழகுறதுக்கு நல்லா இருக்குற ஒருத்தர நோயாளியா நடிக்க வச்சார். ஸ்டூடன்ட் வெளிய போனதும், அந்த ஸ்டூடன்ட் எப்படி பரிசோதிச்சார், எப்படி நடந்துக்கிட்டார்னு நடிச்சவங்களே சொல்லுவாங்க. இன்னிக்கும் மெடிக்கல் காலேஜ்கள்ல இது நடக்குது. அங்க ஒரு மனுஷன் நெஜமாவே அத அனுபவிச்சிருக்கான், "நீங்க வாட்ச்ச பாத்தப்போ எனக்கு பேசவே தோணல"னு அவனால சொல்ல முடியும். பொம்மைக்கு என்ன தோணியிருக்கும்? அது சொல்ற ஃபீட்பேக்கும் இன்னொரு எழுத்துதான்.

2020ல பிடபிள்யூசிங்கற கன்சல்டிங் கம்பெனி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, விஆர்ல, அதாவது கண்ணுல மாட்டிக்கிட்டா நிஜ எடம் மாதிரியே தெரியுற கருவில, சாஃப்ட் ஸ்கில் கத்துக்கிட்டவங்களுக்கு அத செஞ்சு பாக்குற நம்பிக்கை 275 சதவீதம் வரைக்கும் ஏறுச்சாம். நம்பிக்கை தம்பி, திறமைனு சொல்லல. உங்களுக்கும் அது ஏறித்தான் இருந்திருக்கும், அதான் அந்த ரூமுக்குள்ள தைரியமா போனீங்க, அப்புறம் வேர்த்துச்சு.

அதுக்காக விட்டுடாதீங்க. "உனக்கு ரேட்டிங் கம்மி"ங்கற வார்த்தையே தொண்டைல சிக்குற ஆளுங்க இருக்காங்க, யாரும் பாக்காம பத்து தடவ சொல்லி பழக அது நல்ல எடம். அதுக்கப்புறம் பக்கத்து டீம் லீட் ஒருத்தர கூப்ட்டு உக்கார வச்சு, மூணு நிமிஷம் வாயே தொறக்காதீங்கனு சொல்லிட்டு பேசி பாருங்க.

ஒண்ணு மட்டும் நீங்க எழுதல, அதுக்கப்புறம் அந்த பையன்கிட்ட திரும்ப போனீங்களா? போகலன்னா இந்த வாரமே கீழ டீக்கடைக்கு கூட்டிட்டு போங்க, தமிழ் பையன்னா தமிழ்லயே பேசுங்க, அப்ரைசல் ஃபார்ம மட்டும் எடுத்துட்டு போகாதீங்க.