விற்ற பிறகும் தொடரும் பொறுப்பு

கேள்வி: வெளியாகிப் பல ஆண்டுகள் ஆன வீடியோ கேம்களுக்கும் இலவச அப்டேட்டுகள் வருவதைப் பற்றி, விளையாடுபவர் என்ற முறையில் உங்கள் கருத்து என்ன?

பதில்: மனதார வரவேற்கிறேன். இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் என்னும் சிறு நிறுவனம் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விண்வெளி கேம், பலரும் எதிர்பார்த்திருந்த கூட்டு விளையாட்டு வசதி இல்லாததால் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. ஆனால் 2018 ஜூலையில், நண்பர்களோடு ஒரே கோளில் இறங்கி, சேர்ந்து வீடு கட்டி, விண்கலத்தில் ஒன்றாகப் பறக்கும் வசதியை, கூடுதலாக ஒரு காசும் வாங்காமல் அந்நிறுவனம் சேர்த்துக் கொடுத்தது. முதல் நாளே முழு விலை கொடுத்தவர்களின் கோபம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஹலோ கேம்ஸ் செய்ததற்கு நேர்மாறாக, யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம், அதை இணையம் வழியாக இயக்கிவந்த சர்வர்கள் 2024 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டதும், காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட ஆட முடியாதபடி முடங்கிப்போனது. இணையம் இல்லாமல் ஆடும் வடிவம் ஒன்றையாவது அவர்களுக்கு அப்போதே கொடுத்திருக்க வேண்டும்.