மகளின் புலனாய்வு விருப்பம் குறித்துக் குடியாத்தம் தாய் ஒருவருக்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் உங்கள் மகள், தொடர் கொலைகளைத் துப்புத் துலக்கும் பணிக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், பெண் பிள்ளையை அதற்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணியின் பெரும்பகுதி கொலையாளியைத் துரத்துவதில் இல்லை. ஒரு காவல் நிலையத்தில் உறங்கும் தகவலை இன்னொரு நிலையத்தின் தகவலோடு பொருத்திப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃபைப் புலனாய்வின்போது காவல்துறையினர் ஒன்பது முறை விசாரித்தும் விட்டுவிட்டார்கள். விவரங்கள் அட்டைகளில் எழுதப்பட்டிருந்தன. குவிந்துகிடந்த அட்டைகளை ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. மேற்கு யார்க்ஷயர் காவல்துறை ஆண்டுக்கணக்கில் தேடிய அவர், 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில், வேறொரு காவல்துறையின் எல்லையில், காரின் போலி எண் பலகையால் ரோந்துக் காவலர்களிடம் சிக்கினார். பெரிய வழக்குகளின் விவரங்களைக் கணினியில் தொகுக்கும் ஹோம்ஸ் அமைப்பு அந்தத் தோல்விக்குப் பிறகே வந்தது.

நம் வட்டாரத்தில் இந்த எல்லைச் சிக்கல் இன்னும் நெருக்கமானது. காட்பாடியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம் தொடங்கிவிடுகிறது. தண்டவாளத்தின் ஓரம் உடல் கிடந்தால் ரயில்வே காவல்துறையும் உள்ளே வரும். எந்த நிலையத்திலும் பதிவு செய்யக்கூடிய ஜீரோ எஃப்ஐஆர், நிலையங்களை இணைக்கும் கணினி வலையமைப்பான சிசிடிஎன்எஸ், கைதானவருக்கு 10 இலக்க எண் வழங்கும் தேசிய விரல்ரேகைத் தொகுப்பு ஆகியவைதான் இந்தக் காவல்துறைகளைச் சேர்க்கும் கண்ணிகள். ஆனாலும் இரண்டு வழக்குகள் ஒன்றுபோல இருக்கின்றனவே என்று ஐயப்பட ஒரு மனிதர் வேண்டும். உங்கள் மகள் அந்த மனிதராக வேண்டும் என்பதே என் விருப்பம்.

வேதியியல் அல்லது உயிரியலில் பட்டம் பெற்று, தடய அறிவியலில் முதுகலை படிப்பது அவருக்குப் பொருத்தமாக இருக்கும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்வதைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் படிப்படியாகக் கட்டாயமாக்குவதால், இத்துறையில் ஆள் தேவை கூடும் என்று கருதுகிறேன். களப்பணியே வேண்டுமென்றால், எந்தப் பட்டத்துடனும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் உதவி ஆய்வாளர் தேர்வை எழுதலாம்.

வீட்டில் தெலுங்கு பேசுவீர்களானால், இந்த விடுமுறையிலேயே அதை எழுதப் படிக்கவும் மகளுக்குக் கற்றுக்கொடுங்கள். சித்தூர்ப் பக்கத்து வழக்கு ஆவணத்தை ஒருவர் மொழிபெயர்த்துத் தரும்வரை அவர் காத்திருக்க வேண்டியிராது.