காவல் பணியும் மரத்துப்போன மனமும் – கடிதம்

வணக்கம்.

நான் காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். சில வருடங்களாகப் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களை விசாரிக்கும் பிரிவில் வேலை. போன மாதம் என் மகள் விளையாடும்போது விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு அழுதுகொண்டு வந்தாள். நான் முதலில் கேட்டது, “எத்தனை மணிக்கு விழுந்தே? பக்கத்துல யாரு இருந்தா?” அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்கு மரணச் செய்தி சொல்லப் போனாலும் மனதில் எதுவும் அசைவதில்லை. மேலதிகாரியிடம் சொன்னேன். “இந்த வேலைக்கு வந்துட்டு இதையெல்லாம் பாக்க முடியுமா?” என்றார். நான் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா? இந்த வேலைக்கே லாயக்கில்லாதவளா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டுக்குமே என் பதில் ‘இல்லை’. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை.

சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து 1983ல் எழுதினார். சம்பளத்துக்காக முகபாவத்தையும் உணர்ச்சியையும் கட்டி மேய்ப்பதும் உழைப்புதான் என்றார். விமானத்தில் இருப்பவர் கனிவைக் காட்ட வேண்டும், வசூலுக்குப் போகிறவர் கடுமையைக் காட்ட வேண்டும். உங்களுக்கோ ஒரே ட்யூட்டியில் இரண்டும் வேண்டியிருக்கிறது. புகார் கொடுக்க வந்த பெண்ணிடம் கனிவு, அடுத்த அறையில் குற்றம் சாட்டப்பட்டவனிடம் கடுமை, நடுவில் மேலதிகாரி கூப்பிட்டால் பணிவு. ஒரு முகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற மூச்சுவிடும் நேரம்கூடக் கிடைப்பதில்லை. இது எந்த டைரியிலும் வேலையாகப் பதிவாவதும் இல்லை.

உங்கள் பிரிவில் இது இன்னும் கொடுமை. ஒரு குழந்தை தனக்கு நடந்ததைச் சொல்லும்போது கேட்பவரின் முகத்தில் அதிர்ச்சியோ அருவருப்போ தெரிந்தால், அது பேச்சை அப்படியே நிறுத்திவிடக்கூடும். தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகவும் நினைத்துக்கொள்ளும். அதனால் நீங்கள் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளப் பழகினீர்கள். மணி என்ன, கூட யார் இருந்தார்கள் என்று நிதானமாகக் கேட்கப் பழகினீர்கள். அந்தக் குழந்தைகளின் நன்மைக்காக உங்களை வருத்திச் சம்பாதித்த திறமை அது. இப்போது வீட்டிலும் உங்களைக் கேட்காமலே முன்னால் வந்து நிற்கிறது. மகளிடம் இருக்கும் அன்பு குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. “அம்மா ஸ்டேஷன்ல பேசுற மாதிரியே பேசிட்டேன்டா” என்று அவளிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு அது புரியும்.

ஆனால் அசையாத முகத்துக்கு உடம்பு விலை கொடுக்கிறது. 1993ல் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் சிலருக்கு அருவருப்பூட்டும் மருத்துவக் காட்சிகளைக் காட்டினார்கள். ஒரு பகுதியினரிடம், எதையும் வெளியே காட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் முகத்தில் அதிகம் தெரியவில்லை. உள்ளே பார்த்தால், உடலைப் பதற்றத்துக்குத் தயார்ப்படுத்தும் நரம்பு மண்டலத்தின் வேலை மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. அருவருப்பும் குறையவில்லை. அது ஒரு சிறிய படம். நீங்கள் வருடக்கணக்கில் செய்கிறீர்கள்.

இப்படியே போனால் வருவதுதான் பணிச்சோர்வு. கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் அதற்கு மூன்று முகங்கள் சொல்கிறார்கள்: உணர்ச்சி வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராக உணர முடியாமல்போவது, தான் செய்வதில் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுவது. உங்கள் கடிதத்தில் மூன்றின் சாயலும் இருக்கிறது. இவர்களே 1982ல் காவலர்களையும் அவர்கள் மனைவிகளையும் வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சோர்ந்துபோன காவலர்கள் எரிச்சலும் இறுக்கமுமாக வீடு திரும்புவதை மனைவிகள் சொல்லியிருந்தார்கள். உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை இது.

உங்கள் மேலதிகாரி சொன்ன பதில் எனக்குக் கோபத்தைத் தருகிறது. பணிச்சோர்வு என்பது வேலையிடத்தின் நீடித்த அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்று உலக சுகாதார நிறுவனமே 2019ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளக்கியிருக்கிறது. அதை ஒரு தொழில்சார்ந்த நிகழ்வாகத்தான் வைத்திருக்கிறார்கள், தனி நோயாக அல்ல. அப்படியிருக்க, ‘உனக்கு மனதிடம் போதவில்லை’ என்று பழியை ஆள்மீது தள்ளுவது அநியாயம். ஆலோசகரிடம் போனால் ஃபைலில் ஏறும், ப்ரமோஷன் பாதிக்கும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோர்வைக் காட்டி யாரும் அடியையோ அவமதிப்பையோ நியாயப்படுத்த முடியாது. ஆனால் எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாத நிலை வந்துவிட்டால், அதன் விளைவு அழுதுகொண்டு ஸ்டேஷன் படியேறி வருகிறவர் மீதுதான் முதலில் விழுகிறது. அதனால் உங்கள் ஓய்வு பொதுமக்களின் பிரச்சினையும்கூட.

சரி, இப்போது செய்யக்கூடியவை. முதலில் தூக்கம். வட அமெரிக்கக் காவலர்கள் ஏறத்தாழ 5,000 பேரிடம் நடத்தி 2011ல் வெளியான ஆய்வில், சுமார் 40 சதவீதம் பேருக்குத் தூக்கக் கோளாறின் அறிகுறி இருந்தது. அவர்கள் பணியில் கோபப்படுவதும் தவறு செய்வதும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. மருத்துவரிடம் இதையே முதல் விஷயமாகப் பேசுங்கள். மரணச் செய்தி சொல்லிவிட்டு வந்தால், அடுத்த வேலைக்கு ஓடாமல் கூட வந்த சகாவோடு கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசுங்கள். முடிந்தால் துறைக்கு வெளியே ஓர் ஆலோசகரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப்பார்த்தால், அன்றைக்கே யாரிடமாவது சொல்லி உதவி கேளுங்கள்.

அப்புறம், இந்தப் பிரிவிலிருந்து மாற்றல் கேளுங்கள். இதில் தோல்வி எதுவும் இல்லை. இப்படிப்பட்ட பிரிவில் ஒருவரை மாற்றாமல் வருடக்கணக்கில் வைத்திருப்பதுதான் தவறு. மனுவில் குடும்பக் காரணம் என்று போடாமல் வேலையின் தன்மையையே காரணமாக எழுத முடிந்தால் எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருகிறவருக்கு அது உதவும். அப்படி எழுதினால் உங்களுக்குப் பாதகம் என்று தோன்றினால், குடும்பக் காரணமே போதும். முதலில் நீங்கள் அங்கிருந்து வெளியே வர வேண்டும்.

அன்புடன்.