கொடுவா காத்திருக்கும் இடம்

கேள்வி: வெளிநாட்டு பெர்ச் மீன் வீடியோக்களைப் பார்த்து ராடு, ரீல், சின்ன ஸ்பின்னர் (நீரில் சுழலும் உலோகப் போலி இரை) எல்லாம் வாங்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு கழிமுகம் பக்கம் காலை 10 மணியிலிருந்து வீசிப் பார்த்தேன், கொடுவா மீன் கிடைக்கவில்லை. ஒருமுறை பெரிதாக ஏதோ இழுத்தது, தூண்டில் நரம்பு அறுந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: அறுத்துக்கொண்டு போனதே, அது கொடுவாவாகவே இருக்கலாம். அதனால் இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். நேரமும் நரம்பும்தான் கோளாறு.

ஐரோப்பிய பெர்ச் கூட்டமாகத் திரிந்து, பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து இரை துரத்தும். கொடுவாவுக்கு அந்த அலைச்சல் கிடையாது. பாலத் தூண், மூழ்கிய மரம், கல் கட்டு என்று எதையாவது ஒட்டி நிற்கும்; ஓடும் நீர் இரையைக் கொண்டுவந்து தரும்வரை அசையாது. பாலத் தூணுக்குப் பின்னால் பாருங்கள்: ஒரு பக்கம் நீர் வேகமாக ஓடும், பக்கத்திலேயே நுரை மெதுவாகச் சுழலும். அந்த இரண்டும் உரசும் கோட்டில்தான் மீன் நிற்கும். மடவை மீன் குஞ்சுகள் திடீரென்று சிதறித் துள்ள, ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம். வாயை அகலத் திறந்து, நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும் சத்தம் அது.

ஆக, நீர் ஓடினால்தான் கொடுவா சாப்பிடும். விடியலிலோ இருட்டும் நேரத்திலோ, கடல் ஏற்றம் வற்றமாகத் திரும்பி நீர் ஓட்டம் பிடிக்கும்போது போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் இன்னும் பலமாக இருக்கும். ஆனால் கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால், ஓத அட்டவணையை (ஏற்றம், வற்றம் நேரப் பட்டியல்) வைத்துக்கொண்டு பயனில்லை. முதலில் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று அங்குள்ள மீனவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரைக்கு உயிருள்ள மடவையை மிஞ்ச ஒன்றும் இல்லை. அதன் உதட்டில் தூண்டில் முள்ளைக் கோத்து, தூணுக்கு நீர் வரும் பக்கமாக விட்டு, நீரே இழுத்துப் போகட்டும். உயிர் இறாலும் சரிதான். ஐஸ் இறால் போட்டால் கெளுத்திதான் வரும். ஸ்பின்னரைப் பெட்டியில் வைத்துவிட்டு, விரல் நீள ரப்பர் மீன் வாங்குங்கள். அதையும் விடாமல் சுற்றாமல், இரண்டு சுற்று சுற்றி ஒரு நொடி நிறுத்துங்கள். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் அடிக்கும்.

அப்புறம் நரம்பு. கொடுவாவின் பல் வெறும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்புதான். செவுள் மூடியின் ஓரம்தான் கத்தி. எகிறித் தலையை உதறும்போது நரம்பு அதில் உரசினால் போச்சு. முள்ளுக்கு மேலே ஒரு மீட்டருக்கு 40 பவுண்டு தாங்கும் தடித்த நரம்பைக் கட்டுங்கள். மீன் எகிறும்போது ராடு நுனியைத் தாழ்த்துங்கள், ஆனால் நரம்பைத் தொய்ய விடாதீர்கள்.

கொடுவா பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும். ரொம்பப் பெரியது கிடைத்தால் அது அநேகமாக லட்சக்கணக்கில் முட்டையிடும் பெண் மீன். நான் அதைப் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவேன். குழம்புக்கு இரண்டு கிலோ மீனே ருசி. எதுவானாலும் செவுளுக்குள் விரல் விடாதீர்கள், கீழுதட்டைப் பிடித்துத் தூக்குங்கள். என் வலது ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.